அலையை ஆக்கும் சில்லு யார் கையில்?

நாமக்கல்லிலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலை ஓரத்தில் செல்போன் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் ஒன்று, லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒன்று, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒன்று. குமாரபாளையத்துத் தறித் தொழிலாளி கூலி வந்ததா என்று பார்ப்பதும், சங்ககிரி லாரி டிரைவர் நாக்பூரிலிருந்து வீட்டுக்குப் பேசுவதும் இந்தக் கோபுரங்களின் வழியாகத்தான்.

கோபுரத்தின் உச்சியில் உள்ள ரேடியோப் பெட்டிக்குள் நகத்தளவுச் சில்லுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை, எண்களை வாங்கி மின் அலையாக மாற்றித் தருகிறது. எஞ்சினியர்கள் அதை டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர் என்பார்கள். இக்கட்டுரையில் மாற்றி என்றே சொல்வோம். இந்த மாற்றி இல்லாவிட்டால் கோபுரம் வெறும் இரும்புக் கம்பம்தான்.

இந்தச் சில்லை வடிவமைப்பது யார்? அதன் சொந்தக்காரர் யார்? அதை விற்கலாமா கூடாதா என்று முடிவு செய்பவர் யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று வெவ்வேறு விடைகள் இருப்பதுதான் இன்றைய பிரச்சினை. வடிவமைப்பதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சொந்தக்காரர்கள் அந்நியக் கம்பெனிகள். விற்பனைக்கு உத்தரவு கொடுப்பதோ வல்லரசுகளின் அலுவலகங்கள். இந்நிலை மாறியாக வேண்டும். மாற்றவும் முடியும் என்பதே நமது கருத்து.

எண் எப்படி அலையாகிறது?

இது ஏதோ மந்திர வித்தை என்று நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை. இளம்பிள்ளையிலும் சேலத்திலும் ஜக்கார்டு தறி ஓட்டுபவர்களுக்கு இதன் அடிப்படை முன்பே தெரியும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஓர் இழை தூக்கப்படும், இல்லாவிட்டால் தூக்கப்படாது. ஓட்டை உண்டு, இல்லை என்ற இந்த இரண்டே சொற்களால் சேலையில் மயிலும் மாங்காயும் விழுகின்றன. கம்ப்யூட்டரின் எண்ணும் அப்படிப்பட்ட அட்டைதான். ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே அடையாளங்கள். மாற்றி என்பது அந்த அட்டையைப் படித்து மின் அலையை நெய்யும் தறி.

அது எப்படி நெய்கிறது? சில்லுக்குள் பல சிறிய மின்னோட்ட ஊற்றுகள் உள்ளன. ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒரு மடை. மேட்டூர்க் கால்வாய்ப் பாசனத்தில் விவசாயி என்ன செய்கிறார்? தண்ணீரை நிறுத்துவதில்லை, மடையை மாற்றி இந்த வயலிலிருந்து அந்த வயலுக்குத் திருப்பிவிடுகிறார். மாற்றியும் அதையே செய்கிறது. ஊற்றின் மின்னோட்டம் நிற்பதே இல்லை. எண்ணில் ஒன்று வந்தால் இடப்பக்கம், பூஜ்யம் வந்தால் வலப்பக்கம். எத்தனை ஊற்றுகள் இடப்பக்கம் பாய்கின்றன என்பதைப் பொறுத்து அலையின் உயரம் அமைகிறது.

14 பிட் மாற்றி என்றால் 16,384 படிகள். இந்தப் படிகளில் நொடிக்கு 250 கோடித் தடவை ஏறி இறங்க வேண்டும் என்றால், ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் 250 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளிகூட 12 சென்டிமீட்டர்தான் போகும்.

முன்பெல்லாம் மாற்றி மெதுவான அலையைத்தான் ஆக்கித் தந்தது. அதைக் கலப்பிச் சுற்றுகளின் மூலம் படிப்படியாக மேலே தூக்கி ரேடியோ அலையாக்கினார்கள். வேக மாற்றி வந்த பிறகு அந்த இடைத்தரகர்களில் பலருக்கு வேலை இல்லை. எண்ணிலிருந்து நேராகவே ரேடியோ அலை பிறக்கிறது. ஒரே பெட்டி பல அலைவரிசைகளுக்குப் பயன்படுகிறது. கோபுரப் பெட்டியும், கேபிள் டி.வி. நிலையமும், ராடாரும், செயற்கைக்கோளும் இந்த வழிக்குத் திரும்பியதன் காரணம் இதுவே.

வடிவமைப்பவரின் சங்கடங்கள்

சொல்வது சுலபம், செய்வது கடினம். கடினம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதில் அடங்கியுள்ள உழைப்பின் மதிப்பும் தெரியும்.

முதல் சங்கடம், எடைக் கற்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் போகும் கற்கள் இருந்தால் வெள்ளிப் பட்டறையில் எந்த எடையையும் நிறுத்துவிடலாம். ஊற்றுகளையும் அப்படியே அமைக்கலாம். ஆனால் 7-லிருந்து 8-க்குப் போகும்போது மூன்று சிறு கற்களை எடுத்துவிட்டு ஒரு பெரிய கல்லை வைக்க வேண்டும். எடுப்பதும் வைப்பதும் ஒரே கணத்தில் நடக்காவிட்டால் தராசு தாறுமாறாக ஆடும். அலையில் அது ஒரு முள்ளாகக் குத்தி நிற்கும். அந்த முள் பக்கத்து அலைவரிசையில் புகுந்து அடுத்தவர் பேச்சைக் கெடுக்கும். அதனால் மேல் பிட்டுகளுக்குச் சமமான பல கற்களையும், கீழ்ப் பிட்டுகளுக்கு இரட்டிக்கும் கற்களையும் வைத்து ஒரு சமரசம் செய்கிறார்கள். மேல் 5 பிட்டுகளுக்கு 31 சமமான ஊற்றுகள் என்பது போல.

இரண்டாவது சங்கடம், அந்த 31 ஊற்றுகளும் உண்மையிலேயே சமமாக இருக்க வேண்டும். ஒரே தறியில் நெய்த இரண்டு முழம் துணியிலும் நூல் வித்தியாசம் இருப்பது போல, ஒரே சில்லில் பக்கத்தில் பக்கத்தில் செய்த இரண்டு டிரான்சிஸ்டர்களிலும் வித்தியாசம் இருக்கும். பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பெல்குரோம் 1989-இல் இதன் விதியை எடுத்துக்காட்டினார். வித்தியாசத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் டிரான்சிஸ்டரின் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். பரப்பைப் பெருக்கினாலோ அது கனத்துப்போகிறது, வேகம் குறைகிறது. துல்லியம் வேண்டுமென்றால் பெரிதாக்கு. வேகம் வேண்டுமென்றால் சிறிதாக்கு. இந்த முரண்பாட்டை எங்கே எப்படித் தீர்ப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை அடங்கியிருக்கிறது. புத்தகத்தில் சூத்திரம் கிடைக்கும். தீர்ப்பு அனுபவத்தில்தான் வரும்.

மூன்றாவது சங்கடம் கடிகாரம். எல்லா மடைகளும் ஒரு கடிகாரத்தின் தாளத்துக்குத் திரும்ப வேண்டும். தாளம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு தடுமாறினால் என்ன ஆகும்? நொடிக்கு 100 கோடி அதிர்வுள்ள அலையை ஆக்கும்போது, 14 பிட் மாற்றி சுமார் 7 பிட் மாற்றியின் தரத்துக்கு இறங்கிவிடும். மீதி 7 பிட்டுக்காகச் செலவழித்த உழைப்பெல்லாம் வீண்.

இவை போதாவென்று, படிப்படியான அலை மேலே போகப் போகத் தானாகவே தேய்கிறது. கடிகார வேகத்தின் பாதி அதிர்வில் அலையின் உயரம் ஏறத்தாழ 64 சதவீதம்தான் மிஞ்சும். அதற்கும் மேற்பட்ட அதிர்வுகளை எட்ட, ஒவ்வொரு கணத்துக்குள்ளும் அலையைத் தலைகீழாக்கிக் காட்டும் உத்தியைக் கையாளுகிறார்கள்.

மூளை இங்கே, முத்திரை அங்கே

இவ்வளவு நுட்பமான வேலை எங்கோ கடல் கடந்து மட்டும் நடக்கிறது என்று எண்ண வேண்டாம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1985-இல் பெங்களூரில் வடிவமைப்பு நிலையம் திறந்தது. செயற்கைக்கோள் தொடர்பு மூலம் வடிவப் படங்கள் கடல் கடந்து போயின. பின்னால் மற்றக் கம்பெனிகளும் வந்தன. இன்று உலகத்தின் சில்லு வடிவமைப்பாளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இந்தியாவில் இருப்பதாக மத்திய சர்க்காரே பெருமையுடன் சொல்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கல்லூரிகளில் படித்தவர்களும் அவர்களில் உண்டு.

ஆனால் வரைந்த கைக்குச் சம்பளம் கிடைக்கிறது; வரைந்த படம் கம்பெனியின் சொத்தாகிவிடுகிறது. காப்புரிமை அங்கே, அச்சு வார்ப்பு அங்கே, உற்பத்தி அங்கே, லாபமும் அங்கே. நெய்தவன் உடுத்த முடியாத பட்டுச் சேலையின் கதை நமக்குப் புதிதல்ல.

சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரில் 2005-இல் காஸ்மிக் சர்க்யூட்ஸ் என்ற கம்பெனி தோன்றியது. மாற்றிகள் போன்ற அனலாக் சுற்றுகளை வரைந்து உலகுக்கு விற்றது. 2013-இல் கேடன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி அதை வாங்கிவிட்டது. விற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. வளர்ந்த செடியைத் தாங்கி நிற்க நம் பக்கத்தில் கொழுகொம்பு இல்லை என்பதே விஷயம்.

தடைப் பட்டியல்

"சந்தையில் விற்கிறார்களே, வாங்கிக்கொண்டால் போகிறது" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எல்லாச் சரக்கையும் எல்லோரும் செய்ய வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சரக்கு அரிசி பருப்பு போல் தாராளமாக விற்கப்படுவதல்ல.

வாசனார் ஒப்பந்தம் என்று ஒன்று 1996 முதல் இருக்கிறது. எந்த நுட்பப் பொருள்களை உத்தரவின்றி ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற பட்டியல் அதில் உண்டு. வேக மாற்றிகள் பெயர் குறித்தே அந்தப் பட்டியலில் உள்ளன. 12 பிட்டும் அதற்கு மேலும் உள்ள மாற்றி நொடிக்கு 125 கோடி எண்களைத் தாண்டினால், சில நிபந்தனைகளோடு கட்டுப்பாடு தொடங்குகிறது. 350 கோடியைத் தாண்டினால் வேறு நிபந்தனையே கிடையாது, கட்டுப்பாடுதான். இந்தியா 2017 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதனால் வழி சற்று எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால் பட்டியலும் இருக்கிறது. அமெரிக்காவின் தனிப்பட்ட உத்தரவுகளும் இருக்கின்றன.

1998-இல் பொக்ரான் வெடிப்புக்குப் பிறகு என்ன நடந்தது? நமது விண்வெளி, பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்களை அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் பல 2011 ஜனவரியில்தான் வெளியே வந்தன. 2019 மே மாதம் சீனாவின் ஹுவாவே கம்பெனியை அதே பட்டியலில் சேர்த்தார்கள். உலகமெங்கும் செல்போன் கோபுரப் பெட்டிகளை விற்றுவந்த கம்பெனிக்கே ஒரே நாளில் சில்லு வரத்து சிக்கலாயிற்று. இன்று வாங்க முடிகிறது என்பதால் நாளையும் வாங்க முடியும் என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சுதேசி 4ஜி சேவை தொடங்கி வைக்கப்பட்டது. பெட்டியும் மென்பொருளும் இங்கேயே உருவானது பாராட்டத்தக்க சாதனை. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதிலுள்ள வேகச் சில்லுகள் இந்நாட்டு ஆலையில் அடித்தவை அல்ல. சுதேசி என்ற சொல் பெட்டியின் மூடியோடு நின்றுவிடக் கூடாது.

சேலத்து மண்ணின் பாடம்

நம் வட்டாரத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்து இரும்புத் தாதைப் பரங்கிப்பேட்டையில் உருக்கினார். இரும்பு கப்பலேறி ஷெபீல்டு நகரத்துக்குப் போயிற்று. எஃகின் பெயரும் புகழும் ஷெபீல்டுக்கே கிடைத்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் சேலம் உருக்காலைக்கு 1970-இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஆலை ஓட மேலும் பத்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவும் தகடு உருட்டும் ஆலையாகவே தொடங்கியது.

சில்லுக்கு மூலப்பொருளான சிலிகான் விஷயத்தில் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1980-களில் நமது மேட்டூரிலேயே மெட்கெம் சிலிகான் என்ற ஆலை சுத்த சிலிகானைத் தயாரித்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் வாசுதேவ மூர்த்தியும் அவரது குழுவினரும் கண்ட முறை அதற்கு ஆதாரம். அதே சமயத்தில் டில்லி சர்க்கார் அமெரிக்காவின் ஹெம்லாக் கம்பெனியிடமிருந்து நுட்பத்தை வாங்கி பரோடாவில் பெரிய ஆலை அமைக்கத் திட்டமிட்டது. உள்நாட்டு முறை இருக்கும்போது அந்நிய முறை எதற்கு என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. முடிவில் பரோடாத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் மேட்டூரில் முளைத்ததைப் பெரிய மரமாக வளர்க்கவும் யாரும் முன்வரவில்லை. காவிரிக் கரையில் கையில் இருந்த நுட்பத்தை நழுவ விட்டோம்.

பொதுத்துறையின் மொகாலி சில்லு ஆலையின் கதையும் அப்படியே. 1984-இல் உற்பத்தி தொடங்கியது. 1989 பிப்ரவரியில் தீ விபத்தில் பெரும் பகுதி எரிந்தது. திரும்ப எழுந்து நிற்கப் பல வருஷங்கள் பிடித்தன. அதற்குள் உலகம் வெகுதூரம் போய்விட்டது. இருந்தாலும் அந்த ஆலை இன்றும் பொதுச் சொத்தாக, விண்வெளித் துறை ராக்கெட்டுகளுக்கான சில்லுகளை அடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. அங்கே 180 நானோமீட்டர் அளவில் சில்லு அடிக்க முடியும்.

பழைய ஆலை போதுமா?

"180 நானோமீட்டரா? அது இருபது வருஷத்துக்கு முந்தைய சரக்கல்லவா? உலகம் 3 நானோமீட்டருக்குப் போய்விட்டதே!" என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் மூளைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். மாற்றிக்கு அது முழுதும் பொருந்தாது.

அனலாக் டிவைசஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஏ.டி. 9739 என்ற மாற்றியை எடுத்துக்கொள்வோம். 14 பிட், நொடிக்கு 250 கோடி எண்கள், கேபிள் டி.வி. நிலையங்களுக்கும் ரேடியோக் கருவிகளுக்கும் நேரடியாக அலை ஆக்கித் தருவது. அது எந்த அளவு ஆலையில் அடிக்கப்பட்டது? 180 நானோமீட்டரில்தான்! அதாவது இன்று மொகாலியில் உள்ள கோட்டளவில்.

கோட்டளவு ஒன்றாக இருப்பதால் மட்டும் நாளைக்கே அதைச் செய்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. ஆலையின் மாதிரிக் கணக்குகள் துல்லியமாக இருக்க வேண்டும். சில்லை வைக்கும் உறை வேகத்தைத் தாங்க வேண்டும். அடித்த சில்லை அளந்து பார்க்கும் கருவிகள் வேண்டும். அவற்றின் விலை லட்சங்களில் தொடங்கிக் கோடியைத் தொடும். முதல் தடவை அடித்தது தோற்கும், இரண்டாவதும் தோற்கலாம். தோல்வியைத் தாங்கும் பொறுமை, மூன்று மாதக் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு வராது. பொதுப் பணத்துக்கும் பொது ஸ்தாபனத்துக்கும்தான் அது வரும். முள் எங்கே வந்தது, எந்த மடை பிந்தித் திரும்பியது என்று தோற்ற சில்லை வைத்து ஆராயும் இடத்தில்தான் கலை பிறக்கிறது.

அறிவுக்குப் பஞ்சம் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சாந்தி பவன் மாற்றிகள் பற்றிய உலகப் பாடநூல் ஒன்றின் ஆசிரியர்களில் ஒருவர். அவருடைய வகுப்புகள் என்.பி.டெல். திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ உட்கார்ந்துகொண்டு ஒரு மாணவி அவற்றைக் கேட்கலாம். 2022 முதல் நடக்கும் சி-டு-எஸ் திட்டத்தில் கல்லூரிகளுக்கு வரைவு மென்பொருள் தருகிறார்கள். மாணவர்கள் வரைந்த சில்லுகளை மொகாலியில் அடித்தும் தருகிறார்கள். இது நல்ல தொடக்கம். இதை வரவேற்கிறோம்.

ஆனால் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். 2021 டிசம்பரில் அறிவித்த சில்லுத் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய். குஜராத்தின் சானந்தில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி அமைக்கும் ஆலைக்குச் செலவில் பாதியை மத்திய சர்க்காரும், ஐந்தில் ஒரு பங்கை ராஜ்ய சர்க்காரும் தருகின்றன. கம்பெனி போடுவது மிச்சத்தை மட்டும். அந்த ஆலையும் சில்லைப் பொருத்திச் சோதிக்கும் ஆலைதான். சில்லை வரைவதோ அடிப்பதோ அங்கில்லை. மாணவர்களைப் பழக்கும் சி-டு-எஸ் திட்டத்துக்கோ 250 கோடி. மரத்துக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் மதிலுக்கு ஊற்றப்படுகிறது.

வேலை வராது என்று கூறி ஆலைகளை எதிர்ப்பவர்கள் அல்ல நாம். ஆலை வரட்டும். பொதுப் பணம் போகும் இடத்தில் பொது உரிமையும் பொது அறிவும் மிஞ்ச வேண்டும் என்பதே நமது வாதம்.

என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியவை கனவுகள் அல்ல. கையில் இருப்பதைக் கொண்டு தொடங்கக் கூடியவை.

ஒன்று: 180 நானோமீட்டரில் ஒரு ரேடியோ மாற்றியை உருவாக்குவது என்ற குறிப்பான இலக்கை மத்திய சர்க்கார் ஏற்க வேண்டும். மொகாலி ஆலை, ஐ.ஐ.டி., பி.எஸ்.என்.எல்., விண்வெளித் துறை ஆகியவை சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். மூன்று தடவையாவது அடித்துப் பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டும்.

இரண்டு: பொதுப் பணத்தில் உருவாகும் வரைபடங்களும் அளவை முடிவுகளும், தோல்விகளின் விவரம் உட்பட, நாட்டின் எல்லாக் கல்லூரிகளுக்கும் திறந்து வைக்கப்பட வேண்டும்.

மூன்று: 1966 முதல் நடந்துவரும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் வேகச் சில்லுகளை அளக்கும் பொதுச் சோதனைக்கூடம் ஒன்றை ராஜ்ய சர்க்கார் அமைக்க வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களின் எல்லாக் கல்லூரி மாணவர்களும் கட்டணமின்றி அதில் வேலை செய்ய வழி வேண்டும்.

நான்கு: பாடங்கள் தமிழிலும் வர வேண்டும். ஆங்கிலம் தடுக்கி விழும் கிராமத்துப் பிள்ளைக்கும் மின்னோட்டமும் மடையும் புரியும். புரியவைக்கும் பொறுப்பு நம்முடையது.

கணக்கு தெரிந்த பிள்ளைகளை இந்த மண் தாராளமாகத் தருகிறது. விசைத்தறிக் கொட்டகையில் வளர்ந்தவன், கோழிப்பண்ணைக் கூலியின் மகள், லாரி கிளீனரின் தம்பி என்று இவர்கள் கடன் வாங்கிப் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். அவர்கள் கைவேலை அந்நிய முத்திரையோடு திரும்பி வந்து, நம் ஊர்க் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து, நம்மிடமே விலை கேட்கிறது. சேலத்து இரும்பையும் மேட்டூர்ச் சிலிகானையும் இழந்தது போல இவர்கள் வரையும் மாற்றியையும் இழக்க நாம் சம்மதிக்கக் கூடாது.

கல்லூரி ஆசிரியர்களும் மாணவர் சங்கங்களும் தொலைபேசித் தொழிலாளர்களும் இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்ல வேண்டும். சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் நம் தொகுதிப் பிரதிநிதிகள் கேள்வி எழுப்ப வேண்டும். முதல் கேள்வி எளியது: கருப்பூரில் உள்ள அந்தக் கல்லூரிக்குச் சோதனைக்கூடம் எப்போது வரும்?